இறைச்சியை எடுத்த இடத்தில் எதை வைக்கிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாவர உணவுக்கு மாறினால் இதய நோயும் சர்க்கரை நோயும் அண்டாது என்று தங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். காட்டிய திசை சரிதான். ஆனால் கட்டுரை முழுக்க எதையெல்லாம் நிறுத்த வேண்டும் என்ற பட்டியலாகவே போகிறது. நிறுத்திய பிறகு தட்டில் ஏற்படும் வெற்றிடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பதற்கு இரண்டே வரிகள். ஊட்டச்சத்துத் துறையில் இருக்கும் எங்களைக் கேட்டால், நோய் வருவதும் வராததும் பெரும்பாலும் அந்த இரண்டு வரியில்தான் இருக்கிறது என்போம்.

சர்க்கரையும் தாவரத்திலிருந்து வருவதுதான். மைதாவும் அப்படித்தான். பொரித்த உருளைக்கிழங்கு, குளிர்பானம், பாமாயிலில் செய்த பிஸ்கட் எல்லாவற்றிலும் விலங்கு என்று சொல்ல ஒன்றும் இல்லை. இவற்றை மட்டுமே உண்டு வாழ்பவரும் சுத்தமான தாவர உணவுக்காரர்தான். 2017இல் அமெரிக்க இதயவியல் கல்லூரியின் ஆய்விதழில் வந்த ஓர் ஆய்வு இந்த வேறுபாட்டைத் தனியாகப் பிரித்துப் பார்த்தது. சுகாதாரத் துறையில் வேலை செய்யும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களை இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. முழுதானியம், பயறு, காய், பழம், கொட்டை வகைகள் என்று தாவர உணவை அமைத்துக்கொண்டு அதை அதிகம் கடைப்பிடித்தவர்களுக்கு, மிகக் குறைவாகக் கடைப்பிடித்தவர்களைவிட மாரடைப்பு வகை நோய்கள் 25 சதவீதம் குறைவு. தீட்டிய மாவு, இனிப்பு, பழச்சாறு, உருளைக்கிழங்கு என்று அமைத்துக்கொண்டவர்களுக்கு 32 சதவீதம் அதிகம். இரண்டு தரப்பும் அசைவத்தைக் குறைத்தவர்கள்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

லான்செட் இதழ் 2019இல் வெளியிட்ட உலகளாவிய கணக்கும் இதையே வேறு பக்கத்திலிருந்து சொல்கிறது. 2017ஆம் ஆண்டில் சுமார் 1.1 கோடி இறப்புகளை அது தவறான உணவோடு தொடர்புபடுத்தியது. முதல் மூன்று காரணங்கள்: உப்பு அதிகம், முழுதானியம் குறைவு, பழம் குறைவு. மூன்றில் இரண்டு, சாப்பிடாமல் விட்டதால் வந்த கேடு. சிவப்பு இறைச்சி அந்தப் பட்டியலில் மிகக் கீழே இருந்தது. அதற்காக இறைச்சிக்கு நற்சான்று கொடுத்துவிட முடியாது. தொத்திறைச்சி, பன்றித்தொடைக்கறி போன்ற பதப்படுத்திய இறைச்சியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடுகிறது. குறைக்க வேண்டியது உண்மை. குறைத்ததோடு வேலை முடிந்துவிடவில்லை என்பதே எங்கள் பேச்சு.

தாவர உணவு உடம்புக்குள் செய்யும் வேலையில் பாதி நார்ச்சத்தின் வேலை. கொழுப்பைச் செரிக்க ஈரல் பித்தநீரைச் சுரக்கிறது. அதைச் செய்யத் தேவையான மூலப்பொருள் கொலஸ்ட்ரால். குடலுக்கு வந்த பித்த அமிலத்தில் பெரும்பகுதி திரும்ப உறிஞ்சப்பட்டு ஈரலுக்கே போய்ச் சேரும். ஓட்ஸ், பார்லி, பயறு, ஆப்பிள், கத்தரிக்காய் போன்றவற்றில் உள்ள கொழகொழப்பான நார் இந்த அமிலத்தைப் பிடித்து மலத்தோடு வெளியே கொண்டுபோய்விடும். புதிதாகப் பித்தம் செய்ய ஈரலுக்குக் கொலஸ்ட்ரால் வேண்டும். அதை ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்.டி.எல். குறைவது இப்படித்தான். ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கான் என்ற நார் நாளைக்கு 3 கிராம் தேவை. அதற்கு ஏறக்குறைய 75 முதல் 80 கிராம் உலர் ஓட்ஸ் வேண்டும். ஒரு கரண்டி தூவிக்கொண்டு பலன் எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவது அளவில்தான்.

இந்த வழியை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்று கனடாவில் சோதித்தார்கள். பாதாம், சோயா புரதம், கொழகொழ நார், குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் தாவர ஸ்டெரால் ஆகிய நான்கையும் ஒரே உணவுத் திட்டத்தில் சேர்த்து ஒரு மாதம் கொடுத்தபோது எல்.டி.எல். 28.6 சதவீதம் இறங்கியது. அதே சோதனையில் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் லோவாஸ்டாட்டின் மாத்திரை போட்ட பிரிவினருக்கு 30.9 சதவீதம். 2003இல் வந்த இந்த முடிவைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதன் அடுத்த கட்டத்தை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. 2011இல் வந்த ஆய்வில் சாப்பாட்டைக் கையில் கொடுக்காமல் ஆலோசனை மட்டும் சொல்லி அனுப்பினார்கள். ஆறு மாதத்தில் இறக்கம் 13 சதவீதத்தைச் சுற்றியே நின்றது. அதுவும் நல்ல பலன்தான். ஆனால் படிப்பதற்கும் தட்டில் வருவதற்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் கிடைக்காது.

சரி, தட்டில் என்ன வர வேண்டும்? உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகள் நினைவில் வைத்துக்கொள்ள எளிதானவை. காயும் பழமும் சேர்த்து நாளைக்குக் குறைந்தது 400 கிராம். உருளைக்கிழங்கும் மாவுக் கிழங்குகளும் இதில் சேராது. நார்ச்சத்து குறைந்தது 25 கிராம். உப்பு 5 கிராமுக்குள். உணவில் சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாற்றில் உள்ள சர்க்கரை எல்லாம் சேர்ந்து மொத்த கலோரியில் 10 சதவீதத்துக்குள். இதைத் தட்டுக் கணக்காக மாற்றினால் பாதித் தட்டு காயும் பழமும், கால் தட்டு முழுதானியம், கால் தட்டு பயறு அல்லது சோயா. கூடவே உப்பில்லாத கொட்டை வகைகள் ஒரு பிடி, அதாவது 30 கிராம்.

நார்ச்சத்தை எண்ணிப் பார்ப்போம். வேகவைத்த பயறு 200 கிராமில் சுமார் 15 கிராம். உலர் ஓட்ஸ் 80 கிராமில் சுமார் 8. காய், பழம் 400 கிராமில் 8 முதல் 10. பாதாம் 30 கிராமில் மூன்றரை. கூட்டினால் 35 கிராம் தேறிவிடும். இதில் பயற்றை எடுத்துவிட்டால் கணக்கு எங்கே போய் நிற்கிறது பாருங்கள். இருபதை எட்டுவதே பாடு. நடைமுறையில் நாங்கள் காணும் குறையும் இதுதான். இறைச்சியை நிறுத்தியவர்கள் அந்த இடத்தில் பயற்றை வைப்பதில்லை, தானியத்தைக் கூட்டிவிடுகிறார்கள். அதுவும் தீட்டிய தானியம் என்றால் சாப்பிட்ட பிறகு சர்க்கரை ஏறுகிறது, புரதம் குறைகிறது, சீக்கிரமே பசிக்கிறது, பசித்தால் கைக்கு அகப்படுவது பிஸ்கட். தீட்டாத கோதுமை மாவு 100 கிராமில் 10 கிராமுக்கு மேல் நார் உண்டு. மைதாவில் மூன்றுகூட இல்லை. பொட்டல உணவுக்கு ஓர் எளிய சோதனை: மாவுச்சத்து ஒவ்வொரு 10 கிராமுக்கும் நார் 1 கிராமாவது இருக்க வேண்டும். பழுப்பு நிறத்தை நம்ப வேண்டாம், நிறம் சேர்த்தும் விற்கிறார்கள்.

பயறு சேர்த்தால் வாயு என்பது பலர் சொல்லும் முதல் புகார். பொய்ப் புகார் அல்ல. பயற்றில் உள்ள ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகளைச் செரிக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை. பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள்தான் அவற்றைப் புளிக்கவைக்கின்றன. அப்போது வாயு உண்டாகிறது. எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் நன்றாக மசியும்வரை வேகவைத்தால் பாதித் தொல்லை குறையும். மீதி, வேகத்தைப் பொறுத்தது. முதல் வாரம் நாளைக்கு இரண்டு மேசைக்கரண்டி, அடுத்த வாரம் நான்கு என்று ஏற்றினால் குடல் நுண்ணுயிர்கள் பழகிக்கொள்ளும். ஒரே நாளில் 10 கிராம் நாரிலிருந்து 35 கிராமுக்குத் தாவுகிறவர்கள்தான் மூன்றாம் நாள் வயிறு உப்பி, தாவர உணவு தனக்கு ஒத்துவராது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். நாரைக் கூட்டும்போது தண்ணீரையும் கூட்ட வேண்டும். இல்லையென்றால் மலச்சிக்கல் தீர்வதற்குப் பதில் இறுகிப்போகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சிவப்பு ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற ஒரு வகைப் புரதம், சரியாக வேகாவிட்டால் சில மணி நேரத்தில் கடும் வாந்தியையும் பேதியையும் உண்டாக்கும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, நீரை மாற்றி, தளதளவென்று கொதிக்கும் நீரில் அரை மணி நேரம் வேகவிட்டால் நஞ்சு அழியும். இளஞ்சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்பாத்திரங்களில் அதைப் பச்சையாக நேரே போடக் கூடாது. அவற்றில் சூடு கொதிநிலைக்குப் போகாமல் நின்றுவிட்டால் நஞ்சு அழியாது. 80 டிகிரி அளவில் நின்றால் வேகாத ராஜ்மாவில் இருப்பதைவிட நஞ்சின் வீரியம் கூடவும் செய்யும்.

புரதம் பற்றிய பயம் தேவைக்கு அதிகமாகப் பரவியிருக்கிறது. உடல் எடை கிலோவுக்கு 0.8 கிராம் போதும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 48 கிராம். வேகவைத்த பயறு 200 கிராமில் 18 கிராம் வந்துவிடும். மீதியைத் தானியம், கொட்டை, சோயா தரும். புரதத்தின் அடிப்படைக் கூறுகளான அமினோ அமிலங்களில், தானியத்தில் லைசின் குறைவு, பயற்றில் மெத்தியோனின் குறைவு. ஒன்றின் குறையை மற்றது தீர்க்கும். ஒரே வேளையில் இரண்டையும் சேர்த்தாக வேண்டும் என்ற பழைய விதி இப்போது இல்லை, ஒரே நாளுக்குள் வந்தால் போதும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் கவனம் தேவை. அவர்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும், ஆனால் பசி குறைந்திருக்கும். நார் நிறைந்த தட்டு வயிற்றைச் சீக்கிரம் நிரப்பிவிடுவதால், அவர்களுக்கு டோஃபு, சோயா பால், நிலக்கடலை விழுது போன்ற அடர்த்தியான பொருள்கள் பொருந்தும்.

பயப்பட வேண்டிய சத்து வேறு: வைட்டமின் பி12. கட்டுரையில் இதற்கு ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசியைச் சாப்பிட்டால் போதும் என்று எழுதியிருக்கிறது. இந்த ஒரு வரிக்காகவே இக்கடிதத்தை எழுதியிருப்போம். பி12ஐ எந்தச் செடியும் தயாரிப்பதில்லை, நுண்ணுயிர்கள்தான் தயாரிக்கின்றன. ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் அதைப் போலத் தோற்றமளிக்கும், மனித உடலில் வேலை செய்யாத ஒரு சேர்மம். ஈரலில் பி12 சேமிப்பு சில ஆண்டுகளுக்குத் தாங்கும் என்பதால், விலங்கு உணவை முற்றிலும் விட்டவர் இரண்டு ஆண்டு நன்றாகத்தான் இருப்பார். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று மற்றவர்களுக்கும் சொல்வார். பிறகு பாதம் மரத்துப்போகும், நடையில் தள்ளாட்டம் வரும், மறதி கூடும். வழக்கமாக இந்தக் குறையைக் காட்டிக்கொடுப்பது ரத்தசோகை. ஆனால் கீரையும் பயறும் நிறைந்த உணவில் ஃபோலேட் என்ற பி வகை வைட்டமின் தாராளமாக இருப்பதால் ரத்தசோகை வெளியே தெரியாமல் போகலாம். நரம்புச் சேதம் மட்டும் சத்தமில்லாமல் நடக்கும். நாள்பட்டுவிட்டால் அதில் ஒரு பகுதி திரும்பாது.

வயது வந்தவருக்குத் தேவை நாளைக்கு 2.4 மைக்ரோகிராம்தான். மாத்திரையில் ஏன் 10 என்றும் 2000 என்றும் இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம்தான் பி12ஐக் குடலுக்குள் கூட்டிச் செல்கிறது. ஒரு வேளைக்கு அதனால் ஒன்றரை, இரண்டு மைக்ரோகிராம்தான் தூக்க முடியும். அதற்கு மேல் எவ்வளவு கொடுத்தாலும் சுமார் 1 சதவீதம்தான் தானாகக் கசிந்து உள்ளே போகும். ஆகவே தினமும் என்றால் 10 மைக்ரோகிராம், வாரம் ஒருமுறை என்றால் 2000. பால், முட்டை சாப்பிடுபவர்களுக்கு இவ்வளவு அவசரமில்லை என்றாலும் அளவு குறைவாக இருந்தால் பார்த்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களும், அமிலம் குறைக்கும் மாத்திரையைப் பல ஆண்டுகளாக எடுப்பவர்களும் இரட்டைக் கவனத்தோடு இருக்க வேண்டும். அந்த மருந்துகளே பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். சர்க்கரைக்காகத்தான் பலரும் தாவர உணவுக்கு வருகிறார்கள் என்பதால் இந்தக் கூட்டணி அரிதானதல்ல.

எலும்பு விஷயமும் கட்டுரையில் இல்லை. பிரிட்டனில் சுமார் 55,000 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வில், விலங்கு உணவை அறவே தவிர்த்தவர்களுக்கு எலும்பு முறிவு 43 சதவீதம் அதிகமாகவும், இடுப்பெலும்பு முறிவு இரண்டு மடங்குக்கும் மேலாகவும் இருந்தது. உடல் எடை, கால்சியம், புரதம் குறைவாக இருந்தது இதில் ஒரு பகுதியை விளக்குகிறது, முழுவதையும் அல்ல. கால்சியத்துக்குக் கீரை சாப்பிடுங்கள் என்று பொதுவாகச் சொல்வது போதாது. பாலக்கீரையில் கால்சியம் நிறைய இருந்தாலும் அதிலேயே உள்ள ஆக்சலேட் என்ற சேர்மம் அதைக் கட்டிப்போட்டுவிடுவதால் 5 சதவீதம்தான் உடம்பில் சேரும். பாலில் இது சுமார் 30 சதவீதம். ஆக்சலேட் குறைந்த, முட்டைக்கோஸ் குடும்பத்தைச் சேர்ந்த கேல், போக் சோய், ப்ரோக்கோலி போன்றவற்றில் கிட்டத்தட்டப் பாதி சேரும். டோஃபு வாங்கினால் கால்சியம் சல்ஃபேட்டில் உறையவைத்ததா என்று சேர்மானப் பட்டியலில் பாருங்கள். கால்சியம் சேர்த்த சோயா பாலைக் குலுக்காமல் ஊற்றினால் சத்து அடியிலேயே தங்கிவிடும். ஓட்ஸ் பால், பாதாம் பால், அரிசிப் பால் மூன்றிலும் புரதம் மிகக் குறைவு. சோயா பாலுக்கு அவை ஈடாகா. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இவற்றில் எதையும் தாய்ப்பாலுக்கோ குழந்தைகளுக்கான பால்மாவுக்கோ மாற்றாகக் கொடுக்கவே கூடாது.

இரும்புச்சத்தில் ஒரு பழக்கம் மட்டும் மாற்றினால் போதும்: சாப்பாட்டோடு தேநீர், காபி வேண்டாம், முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். அதே வேளையில் ஓர் ஆரஞ்சோ, குடைமிளகாயோ, எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் பயற்றில் உள்ள இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் ஆகியவை இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைக்கும் ஃபைட்டேட்டைக் குறைக்கும். அயோடினுக்கு அயோடின் சேர்த்த உப்பு. இளஞ்சிவப்பு உப்புக்கும் கல்லுப்புக்கும் மாறியவர்கள் இதைத் தெரியாமல் இழக்கிறார்கள். ஒமேகா 3க்கு ஆளிவிதை நாளைக்கு ஒரு மேசைக்கரண்டி, பொடித்து. முழு விதை உள்ளே போனபடியே வெளியே வந்துவிடும். பொடி சீக்கிரம் சிக்கெடுத்துவிடும் என்பதால் சிறிது சிறிதாக அரைத்து குளிர்பெட்டியில் வையுங்கள். மீனில் உள்ள நீண்ட சங்கிலி ஒமேகா 3ஆக இதில் மிகச் சிறு பகுதிதான் மாறும்; கர்ப்பிணிகள் பாசியிலிருந்து எடுத்த எண்ணெய் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம்.

இறைச்சி போலவே செய்த தாவரப் பண்டங்களைப் பற்றிக் கட்டுரையாளர் உற்சாகமாக எழுதியிருக்கிறார். பழக்கம் மாறும்வரை ஊன்றுகோலாக எப்போதாவது சாப்பிடலாம். ஆனால் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். சோடியம் என்று போட்டிருக்கும் எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பு அளவு கிடைக்கும். 100 கிராமில் 600 மில்லிகிராம் சோடியம் என்றால் ஒன்றரை கிராம் உப்பு; அது மிக அதிகம். அடுத்து நிறைகொழுப்பை, அதாவது நிறைவுற்ற கொழுப்பைப் பாருங்கள். பலவற்றில் தேங்காய் எண்ணெயோ பாமாயிலோதான் இருக்கிறது. பாமாயிலில் ஏறக்குறையப் பாதி, தேங்காய் எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிறைகொழுப்பு. ஈரலில் எல்.டி.எல்.ஐப் பிடித்து இழுக்கும் ஏற்பிகளை அது குறைத்துவிடும். காலையில் ஓட்ஸ் செய்த வேலையை மாலையில் இது கலைக்கும்.

தாவர உணவின் நன்மையை ஒரு மாத்திரைக்குள் அடைக்கலாம் என்ற ஆசையும் பழையது. காரட்டில் உள்ள பீட்டா கரோட்டினை மாத்திரையாக்கி, புகைபிடிக்கும் 29,000க்கும் மேற்பட்ட ஃபின்லாந்து ஆண்களிடம் சோதித்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியது. 1994இல் வந்த முடிவு இது. இன்றும் கண்ணாடிக் குப்பியில் காய்கறிச் சத்து விற்கிறார்கள்.

கடைசியாக, ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவர்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, கிளிமெப்பிரைடு போன்ற சல்ஃபோனைல்யூரியா மாத்திரையோ எடுப்பவர் திடீரென்று மாவுச்சத்தைக் குறைத்து நாரைக் கூட்டினால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். முதல் சில வாரங்கள் அடிக்கடி அளந்து, மருந்தளவை மருத்துவரோடு பேசி மாற்ற வேண்டும். ரத்த அழுத்த மாத்திரைக்கும் இதே கவனம். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவர் கீரையை நிறுத்த வேண்டியதில்லை. ஒரு வாரம் நிறைய, மறுவாரம் இல்லை என்று ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும். கீரையில் உள்ள வைட்டமின் கே ஏறி இறங்கினால் மருந்தின் கணக்கு தப்பும். சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பயறும் பழமும் தரும் பொட்டாசியம் சிக்கலாகலாம். அவர்கள் ரத்தப் பரிசோதனை பார்த்து, உணவியலாளர் தரும் அளவின்படிதான் மாற வேண்டும். உப்புக்குப் பதிலாக விற்கும் பொட்டாசியம் உப்பும் அவர்களுக்கு ஆகாது.

ஸ்பைருலினா பற்றிய வரிக்கு மட்டுமாவது அதே பக்கத்தில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறோம். கட்டுரையைப் படித்துவிட்டு ஏற்கெனவே பி12 மாத்திரையை நிறுத்திய வாசகர் யாராவது இருக்கக்கூடும்.

இப்படிக்கு,
ஊட்டச்சத்துத் துறையில் பணிபுரியும் வாசகர்கள்